ஆறு மாதம் பறக்காமல் இருக்கப்போகும் லிப்போ பேட்டரிகள்: எந்த வோல்டேஜில், எங்கே, எப்படி வைப்பது?

தும்பி75:
வணக்கம் நண்பர்களே. அடுத்த ஆறு மாதத்துக்கு எதையும் பறக்கவிட வாய்ப்பில்லை. கையில் இருப்பவை: 4எஸ் (நான்கு செல் தொடராக) 1500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர் மணி) லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேக், நான்கு, 6எஸ் 5000 எம்ஏஎச் லிப்போ இரண்டு, 21700 உருளை செல்களில் கட்டிய 6எஸ் லி-அயன் பேக் ஒன்று, கேமரா ட்ரோனின் ஸ்மார்ட் பேட்டரி மூன்று. எல்லாமே இப்போது ஃபுல் சார்ஜில். சார்ஜரில் ஸ்டோரேஜ் மோட் (சேமிப்புக்கேற்ற பாதி சார்ஜில் நிறுத்துவது) இருக்கிறது. எல்லாவற்றையும் செல்லுக்கு 3.85 வோல்ட்டில் நிறுத்திப் பையில் போட்டு மூடிவிட்டால் போதுமா, இல்லை இடையில் எடுத்துப் பார்க்க வேண்டுமா?

செப்புக்கம்பி:
முதல் வேலை, ஃபுல் சார்ஜிலிருந்து இறக்குவது. அதை இன்றே ஆரம்பியுங்கள். பை, பெட்டி எல்லாம் அப்புறம்.

4.20 வோல்ட்டில் நிற்கும் செல் சும்மா இருப்பதில்லை. கேத்தோடு (நேர்முனை) பக்கம் எலக்ட்ரோலைட் மெல்ல ஆக்சிஜனேற்றம் ஆகி வாயு விடுகிறது. அந்த வாயுதான் பேக் உப்புவதற்குக் காரணம். ஆனோடு (எதிர்முனை) பக்கம் ஏற்கெனவே இருக்கும் மெல்லிய படலம் தடிக்கிறது. படலம் தடிக்கத் தடிக்க உள்தடை ஏறும், படலத்தில் சிக்கிய லித்தியம் திரும்பி வராது. வெப்பம் கூடினால் இரண்டுமே வேகமெடுக்கும். தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஃபுல் சார்ஜும் சூடான அறையும் சேர்ந்தால் ஒரு கோடையிலேயே பேக் தலையணை மாதிரி உப்பிவிடும்.

மறுமுனையும் ஆபத்துதான். செல் 2 வோல்ட்டுக்குக் கீழே போய் அங்கேயே கிடந்தால், ஆனோடைத் தாங்கும் செம்புத் தகடு எலக்ட்ரோலைட்டில் கரைய ஆரம்பிக்கும். அந்தச் செல்லைத் திரும்ப சார்ஜ் செய்யும்போது கரைந்த செம்பு வேண்டாத இடங்களில் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட்டுக்கு வழி போடும். அளந்தால் வோல்டேஜ் சரியாகத்தான் காட்டும். ஆபத்து உள்ளே இருக்கும்.

ஆகவே நடுவில் நிறுத்த வேண்டும். சாதாரண லிப்போவுக்குச் செல் ஒன்றுக்கு 3.80 முதல் 3.85. 4எஸ் என்றால் மொத்தம் 15.2 முதல் 15.4, 6எஸ் என்றால் 22.8 முதல் 23.1. 4.35 வரை சார்ஜ் ஆகும் எச்வி லிப்போவுக்கும் 3.85 போதும். லி-அயன் பேக் கணக்கு வேறு; அதன் வோல்டேஜ் வளைவு தாழ்வாக ஓடுவதால் 3.85இல் இன்னும் மூன்றில் இரண்டு பங்கு சார்ஜ் இருக்கும். அதை 3.65 முதல் 3.75க்குள் நிறுத்துங்கள்.

வடக்காற்று:
லிப்போவையும் 3.7இல் வைப்பதே நல்லது. சார்ஜ் குறையக் குறைய செல் முதுமை அடைவதும் குறையும் என்பது எல்லா அளவீட்டிலும் தெரிகிற விஷயம். 3.85 என்பது சார்ஜர் தயாரிப்பாளர்கள் வசதிக்காக வைத்த எண்.

மில்லிஓம்:
பாதி சரி. சார்ஜ் குறைந்தால் முதுமை மெதுவாகும், அதில் சண்டை இல்லை. ஆனால் அது சீரான சரிவு கிடையாது, படிக்கட்டு. கிராஃபைட் ஆனோடு ஏறக்குறைய பாதி நிரம்பியதற்கு மேல் அதன் மின்னழுத்தம் ஒரு படி கீழே இறங்கும். படலம் வேகமாக வளர்வது அந்தப் படியில்தான். பாதியளவில் நிறுத்தினாலே பெரிய லாபம் வந்துவிடுகிறது. அதற்குக் கீழே போனால் கிடைப்பது சில்லறை லாபம்.

அந்தச் சில்லறைக்கு எதைக் கொடுக்கிறோம் என்று பாருங்கள். ஓய்வில் அளந்தால் 3.85 என்பது சுமார் 50 முதல் 55 சதவீதம், 3.80 சுமார் 40, 3.73 சுமார் 20. 3.70 என்றால் 10 சதவீதத்தை ஒட்டிய நிலை. 1500 எம்ஏஎச் பேக் 3.70இல் நிற்கும்போது உள்ளே மிச்சம் 150, 180 எம்ஏஎச்தான். நல்ல லிப்போ தானாக இழப்பது மாதம் 1 முதல் 3 சதவீதம். 2 என்று வைத்தால் மாதம் 30 எம்ஏஎச், ஆறு மாதத்தில் 180. கணக்கு முடிந்தது, பேக்கும் முடிந்தது. இதே பேக்கை 3.84இல் வைத்தால் ஆறு மாதம் கழித்தும் 3.79 பக்கம் நிற்கும்.

ஒரு மாதம்தான், கண்ணெதிரே இருக்கும் என்றால் 3.75 வைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஆறு மாதத்துக்கு 3.82 முதல் 3.85தான் என் பரிந்துரை.

வடக்காற்று:
அந்தக் கணக்கை ஏற்கிறேன். மாதாமாதம் எடுத்துப் பார்க்கிறவருக்குத்தான் 3.7 பொருந்தும். பூட்டி வைக்கிறவருக்குப் பொருந்தாது.

தும்பி75:
நன்றி. சார்ஜரில் போட்டுவிட்டேன். 6எஸ் ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம் ஆகியும் வோல்டேஜ் அவ்வளவாக இறங்கவில்லை. சார்ஜரில் ஏதாவது கோளாறா? டிஸ்சார்ஜ் 8 வாட் என்று எழுதியிருக்கிறது.

சுழலி:
கோளாறு இல்லீங்க, 8 வாட்டுக்கு அவ்வளவுதான் முடியும். 5000 எம்ஏஎச் 6எஸ்ஸில் பாதியை எடுக்கணும்னா 2.5 ஆம்பியர் மணி, சராசரி 24 வோல்ட், ஆக 60 வாட் மணி. 8ஆல் வகுத்தா ஏழரை மணி நேரம். ரெண்டு பேக்குக்குப் பதினஞ்சு மணி. 4எஸ் 1500க்கு 12 வாட் மணிதான், ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சிடும். ராத்திரி முழுக்க ஓடட்டும்னு விட்டுட்டுத் தூங்கிடாதீங்க. டிஸ்சார்ஜும் ஆள் பக்கத்துல இருந்து பண்ண வேண்டிய வேலைதான்.

சீக்கிரம் முடிக்க பல்பு இருக்கு. வண்டி இண்டிகேட்டர்ல வர்ற 12 வோல்ட் 21 வாட் பல்பு ரெண்டு, சீரிஸ்ல இணைச்சு, பேக்கோட மெயின் வயர்ல சொருகுற எக்ஸ்டி60 கனெக்டர் ஒண்ணு பற்றவெச்சா போதும். 6எஸ்ஸுக்கு ஒவ்வொரு பல்புக்கும் 12 வோல்ட் கிட்ட கிடைக்கும், மொத்தம் 40 வாட் சொச்சம் இழுக்கும், ஒண்ணரை மணி நேரத்துல வேலை முடியும். அதே ஜோடியை 4எஸ்ஸுக்குப் போட்டா மங்கலா எரியும், சுமார் 20 வாட், அரை மணி நேரம் கொஞ்சம் மேல. பேட்டரி இழுக்கிற கரண்ட் 2 ஆம்பியரைத் தாண்டாது, பேக் சூடே ஆகாது. பல்புதான் கொதிக்கும்; டைல்ஸ் மேலயோ ஓட்டுத் துண்டு மேலயோ வைங்க, பிளாஸ்டிக் மேசை வேண்டாம்.

பல்புக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாது, அதான் இதுல இருக்கிற ஒரே பெரிய அபாயம். மறந்தா பேக்கை பூஜ்ஜியத்துக்கு இழுத்துட்டுப் போயிடும். அதனால பேலன்ஸ் பிளக்ல (ஒவ்வொரு செல்லுக்கும் தனி வயர் போற சின்ன பிளக்) லிப்போ அலாரம் ஒண்ணு சொருகி 3.8க்கு செட் பண்ணிடுங்க. அந்தச் சின்ன அலாரங்கள்ல பெரும்பாலும் 3.8தான் உச்ச செட்டிங். அது கத்தினதும் பல்பைக் கழட்டினா, பத்து நிமிஷத்துல செல் 0.02, 0.03 ஏறி 3.82 கிட்ட நிக்கும். நமக்கு வேணும்கிற இடம் அதுதான்.

செப்புக்கம்பி:
பல்பு முறை நல்லது. கூடவே ஒன்றைத் தடித்த எழுத்தில் எழுதிவைக்க வேண்டும்: வேலை முடிந்ததும் அந்த அலாரத்தைக் கழற்றிவிடுங்கள். சேமித்த பேக் சாவதற்கு நான் அறிந்த முதல் காரணம் அதுதான். கத்தாமல் இருந்தாலும் அலாரம் மின்சாரம் குடிக்கும். 5 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 120 எம்ஏஎச். ஸ்டோரேஜில் இருக்கும் 1500 எம்ஏஎச் பேக்கில் மிச்சம் 750. ஒரு வாரம்கூடத் தாங்காது. அதிலும் பல அலாரங்கள் தம் மின்சாரத்தை முதல் இரண்டு மூன்று செல்களிலிருந்து மட்டும் எடுக்கும்; அந்தச் செல்கள் இறங்கும், மற்றவை அப்படியே நிற்கும்.

சார்ஜரும் அப்படித்தான். வேலை முடிந்து சார்ஜரின் பவரை மட்டும் அணைத்துவிட்டு பேக்கை மாட்டியபடியே விட்டால், பேலன்ஸ் போர்டு வழியாகச் சிறு கரண்ட் கசிந்துகொண்டே இருக்கும். ட்ரோனுக்குள் மாட்டி வைப்பதும் கூடாது. பேலன்ஸ், மெயின் இரண்டிலும் எதுவும் சொருகாமல் பேட்டரி தனியாக இருக்க வேண்டும்.

தும்பி75:
நான்கு 4எஸ் பேக்குகளையும் பேரலல் போர்டில் (பல பேக்குகளை ஒரே சார்ஜரில் இணைக்கும் பலகை) போட்டு ஒரே தடவையில் ஸ்டோரேஜுக்குக் கொண்டுவரலாமா?

மில்லிஓம்:
வரலாம். இணைப்பதற்கு முன் எல்லா பேக்கும் செல்லுக்கு 0.1 வோல்ட்டுக்குள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்லுக்கு 0.25 வித்தியாசம் என்றால் 4எஸ்ஸில் மொத்தம் 1 வோல்ட். செல் உள்தடை 5 மில்லிஓம் என்றால் பேக் ஒன்றுக்கு 20, இரண்டுக்கும் 40, வயரும் கனெக்டரும் ஒரு 10. ஒரு வோல்ட்டை 50 மில்லிஓமால் வகுத்தால் 20 ஆம்பியர். அவ்வளவு கரண்ட் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் வோல்டேஜ் குறைந்த பேக்குக்குள் பாயும்.

மெயின் கனெக்டர்களை முதலில் மாட்டி, சில நிமிடம் விட்டு, பிறகு பேலன்ஸ் பிளக்குகளை மாட்டுங்கள். முறை மாறினால் அந்த 20 ஆம்பியர் மெல்லிய பேலன்ஸ் வயர் வழியாகப் போய் இன்சுலேஷனை உருக்கிவிடும். முடிந்ததும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். பேரலலில் இணைத்தபடியே சேமித்தால், ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகும் நாளில் மற்ற மூன்று பேக்கும் சேர்ந்து அதற்குள் மின்சாரத்தைக் கொட்டும்.

நான்கிறக்கை:
ஸ்மார்ட் பேட்டரி பற்றி யாரும் சொல்லவில்லையே. அது தனி விஷயம்.

அதற்குள் ஒரு சர்க்யூட் எப்போதும் விழித்திருக்கிறது. செல் கசிவு, சர்க்யூட்டின் செலவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சாதாரண லிப்போவை விட வேகமாக இறங்கும். பெரும்பாலானவற்றில் தானியங்கி டிஸ்சார்ஜ் உண்டு: குறிப்பிட்ட நாள்கள் சும்மா கிடந்தால் தன்னைத்தானே 60 சதவீதப் பக்கம் இறக்கிக்கொள்ளும். அப்போது பேட்டரி இளஞ்சூடாக இருக்கும், அது இயல்பு. ஆனால் அதை நம்பி ஃபுல் சார்ஜில் வைக்க வேண்டாம். அது ஆரம்பிப்பதற்கே பல நாள் ஆகும், முடிய இன்னும் இரண்டு மூன்று நாள். பழைய மாடல்கள் சிலவற்றில் சார்ஜ் பார்க்கப் பட்டனை அழுத்தினாலே அந்த நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆர்வத்தில் தினமும் அழுத்திக்கொண்டிருந்தால் டிஸ்சார்ஜ் தொடங்கவே தொடங்காது.

கையால் செய்வதே சரி. தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் ஹோவர் செய்யவைத்து (ஒரே இடத்தில் அந்தரத்தில் நிறுத்தி) 50 முதல் 60 சதவீதம் வந்ததும் இறக்குங்கள். ட்ரோனிலிருந்து கழற்றி வையுங்கள். டி.ஜே.ஐ. கையேடுகள் 10 நாளுக்கு மேல் பறக்கவிடாவிட்டால் 40 முதல் 65 சதவீதத்துக்குள் வைக்கவும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சார்ஜ் டிஸ்சார்ஜ் செய்யவும் சொல்கின்றன. அந்த மூன்று மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். ரொம்ப இறங்கினால் பேட்டரி உறக்கநிலைக்குப் போய்விடும், பட்டன் வேலை செய்யாது. சார்ஜரில் மாட்டினால் எழும். அதையும் தாண்டிச் செல் தாழ்ந்துவிட்டால் சர்க்யூட் சார்ஜ் ஏற்க மறுத்துவிடும். அதைக் குறுக்கு வழியில் எழுப்பப் பார்க்காதீர்கள்; செப்புக்கம்பி மேலே சொன்ன செம்புக் கரைசல் காரணமாகத்தான் அது மறுக்கிறது.

இன்னொன்று: புதிதாக வாங்கிய பேட்டரியைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருப்பார்கள். விமானச் சரக்கில் தனியாக வரும் லித்தியம் அயன் பேட்டரிகள் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல் வர வேண்டும் என்று 2016 ஏப்ரல் முதல் சர்வதேச விதி. அந்த 30இலிருந்துதான் உங்கள் வீட்டில் இறங்க ஆரம்பிக்கிறது. வந்த அன்றே பிரித்து 55க்கு ஏற்றிவிடுங்கள்.

வடக்காற்று:
இடம் பற்றி: ஃபிரிட்ஜில் வைப்பதுதான் சிறந்தது. 35 டிகிரி அறையிலிருந்து 5 டிகிரிக்குப் போனால் மூன்று தடவை பாதியாகிறது. எட்டில் ஒரு பங்கு வேகத்தில்தான் முதுமை.

மணல்வாளி:
கணக்கு சரி, இடம் தவறு. சமையலறை ஃபிரிட்ஜ் வேண்டாம். ஒரு பேக் வெடித்துப் புகைந்தால் அதிலிருந்து வருவது ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஃபுளோரைடு. மூடிய இறுக்கமான அறைக்குள், சாப்பாட்டுக்குப் பக்கத்தில் அது நடக்கக் கூடாது. குழந்தைகள் திறக்கும் கதவும் அதுதான்.

தனியாகச் சிறு ஃபிரிட்ஜ் இருந்தால், அறை எப்போதும் 30ஐத் தாண்டுகிறது என்றால், அப்போது அர்த்தம் இருக்கிறது. பேக் ஒவ்வொன்றையும் ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு காற்றை வெளியேற்றி மூடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. நான்கைந்து மணி நேரம் அப்படியே விட்டு, பேக் முழுவதும் அறை வெப்பத்துக்கு வந்த பின்தான் திறக்க வேண்டும். முன்னரே திறந்தால் குளிர்ந்த பேக்கின் மேல் நீர்த்துளி படியும், பேலன்ஸ் பின்களில் பச்சை பூக்கும். குளிர்ந்த செல்லைச் சார்ஜ் செய்யவே கூடாது. லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் உலோகமாக அதன் மேல் படியும். ஃப்ரீசரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அறை 25ஐத் தாண்டாது என்றால் ஃபிரிட்ஜால் பெரிய லாபம் இல்லை. தரையோடு ஒட்டிய, வெயில் படாத, காற்றோட்டமுள்ள மூலை போதும். பரண் மேல் வேண்டாம், கூரைச் சூடு அங்கேதான் தங்கும். காருக்குள் வேண்டவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே முன்கண்ணாடிப் பக்கம் 60 டிகிரியைத் தாண்டும்.

தும்பி75:
பெட்டி எது வாங்கலாம்? லிப்போ பை ஒன்று இருக்கிறது.

மணல்வாளி:
லிப்போ பை தீப்பிழம்பைக் கொஞ்சம் அடக்கும், புகையை அடக்காது. ஒரு பைக்குள் ஒரே ஒரு சிறிய பேக் என்றால் சரி. ஆறு பேக்கை அதற்குள் திணித்தால் ஒன்று பிடித்ததும் மற்ற ஐந்தும் பிடிக்கும், பை தாங்காது.

இரும்பு வெடிமருந்துப் பெட்டி பலருக்கும் பிடித்தது. அதைக் காற்றுப் புகாமல் மூடும் ரப்பர் வளையத்தைக் கட்டாயம் பிடுங்கிவிடுங்கள், அல்லது பக்கவாட்டில் நான்கைந்து 8 மில்லிமீட்டர் துளை போடுங்கள். வாயு வெளியேற வழி இல்லாத பெட்டி அழுத்தம் ஏறிக் குண்டாகிவிடும். உள்ளே ஜிப்சம் பலகையோ சிமென்ட் பலகையோ வெட்டி அடி, பக்கம், நடுத்தடுப்பு எல்லாம் வையுங்கள். இரண்டு வேலை நடக்கும்: ஒரு பேக்கின் சூடு அடுத்ததற்குப் போகாது, கனெக்டர் நேரடியாக இரும்பில் படாது. எக்ஸ்டி60க்கு மூடி, பேலன்ஸ் பிளக்கின் திறந்த பின்களுக்கு ஒரு சுற்று டேப். பேக் மேல் கனமான எதையும் வைக்காதீர்கள், ஸ்ட்ராப்பால் இறுக்கிக் கட்டியபடி விடாதீர்கள்.

பெட்டி இருக்கும் இடம் படுக்கையறையும் இல்லை, மாடிப்படி அடியும் இல்லை, வீட்டை விட்டு வெளியேறும் வழியும் இல்லை. மேலே எரியக்கூடிய அலமாரி இல்லாமல், கல் தரையில். அந்த அறைக் கூரையில் ஒரு புகை எச்சரிக்கைக் கருவி.

தீ பற்றியும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். உலோகத் தீக்கான டி வகை அணைப்பான் இதற்கு அல்ல. லிப்போவில் எரிவது பெரும்பாலும் எலக்ட்ரோலைட், லித்தியம் உலோகம் அல்ல. பவுடர் அணைப்பான் சுடரை அமர்த்தும், செல்லைக் குளிர்விக்காது. சில நிமிடத்தில் மறுபடி பிடிக்கும். குளிர்விப்பது நிறையத் தண்ணீர்தான். சார்ஜர் மெயின்ஸில் மாட்டியிருந்தால் முதலில் அதைத் துண்டிக்க வேண்டும். புகை வர ஆரம்பித்த அறையில் நின்று போராடாதீர்கள். ஆட்களை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

தும்பி75:
எல்லாவற்றையும் இறக்கி, ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து மல்டிமீட்டரில் அளந்தேன். இரண்டு 4எஸ் பேக் மட்டும் மற்றவை போல இல்லை.
அ பேக்: 3.81, 3.81, 3.86, 3.86
ஆ பேக்: 3.86, 3.85, 3.86, 3.71
மற்ற எல்லாம் 0.01க்குள் இருக்கின்றன. இவை இரண்டிலும் உள்தடையும் பார்த்தேன். அ பேக்கில் எல்லா செல்லும் 6 மில்லிஓம். ஆ பேக்கில் 6, 6, 6, 19.

மில்லிஓம்:
அளந்து போட்டதற்கு நன்றி, இரண்டும் இரண்டு கதை சொல்கின்றன.

அ பேக்கில் முதல் இரண்டு செல் ஒரே அளவு இறங்கியிருக்கிறது, மற்ற இரண்டு ஒரே அளவு நிற்கிறது. உள்தடை நான்கிலும் ஒன்று. செல் பழுதானால் இப்படி ஜோடியாக, ஒரே அளவாக இறங்காது. வெளியிலிருந்து ஏதோ ஒன்று முதல் இரண்டு செல்லிலிருந்து குடித்திருக்கிறது. அந்தப் பேக்கில் அலாரம் மாட்டியிருந்ததா பாருங்கள். பேலன்ஸ் சார்ஜ் செய்து சமன்படுத்தி, மறுபடி ஸ்டோரேஜுக்கு இறக்கினால் பேக் நல்ல பேக்தான்.

ஆ பேக்கில் ஒரே செல், 0.15 வோல்ட் வித்தியாசம், உள்தடை மூன்று மடங்கு. அது உள்ளே கசியும் செல். உறுதி செய்ய வேண்டுமானால் ஒரு சோதனை: எல்லா செல்லையும் 3.85க்குச் சமன்படுத்துங்கள். 24 மணி நேரம் விட்டு முதல் அளவு எடுங்கள். சார்ஜ் முடிந்த உடனே எடுத்த அளவு தானாகவே சற்று நகரும், அதை அடிப்படையாக வைக்கக் கூடாது. பிறகு 14 நாள், எதுவும் மாட்டாமல், வெளிப்புறத்தில் மணல் வாளிக்குள். நல்ல செல் 0.01க்குள் நிற்கும். ஒன்று மட்டும் 0.04, 0.05 இறங்கியிருந்தால் அதற்கு மேல் சந்தேகம் இல்லை. இந்த உள்தடையோடு பார்த்தால், எனக்கு அந்தப் பதினான்கு நாளே தேவைப்படாது. ஒதுக்கிவிடுவேன்.

எல்லாப் பேக்கிலும் ஒரு பேப்பர் டேப் ஒட்டி தேதி, ஒவ்வொரு செல்லின் வோல்டேஜ், உள்தடை எழுதிவிடுங்கள். உள்தடை வெப்பத்தோடு மாறும், எனவே எப்போதும் 25 டிகிரிப் பக்கத்தில் அளந்ததையே ஒப்பிட வேண்டும். முதல் சோதனை இரண்டு வாரத்தில். கசியும் செல் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும். லிப்போவில் 3.75க்குக் கீழே வந்ததை மட்டும் மறுபடி 3.85க்கு ஏற்றுங்கள்.

மல்டிமீட்டர் முனை பேலன்ஸ் பிளக்கில் வழுக்கி இரண்டு பின்னைத் தொட்டால் வயர் உருகும். முனையில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் விட்டு மீதிக்கு ஹீட் ஷ்ரிங்க் போட்டுவிட்டால் கவலை இல்லை.

சுழலி:
ஆ பேக்கை உப்புத் தண்ணில ரெண்டு நாள் போட்டுட்டா செத்துடும்னு சொல்வாங்களே, அது சரிதானா?

செப்புக்கம்பி:
வேண்டாம். உப்புத் தண்ணீரில் நடப்பது மின்பகுப்பு. முனையில் ஹைட்ரஜனும் குளோரினும் வரும், கனெக்டரும் செல்லின் உலோக நாக்கும் அரித்து உதிரும். அந்த நாக்கு அரித்து அறுந்ததும் டிஸ்சார்ஜ் நின்றுவிடும். பேக்கை வெளியே எடுத்து அளந்தால் வயரில் பூஜ்ஜியம். உள்ளே செல்லில் சார்ஜ் அப்படியே. அதை எடுத்துக் குப்பையில் போட்டால் நசுக்கும் இயந்திரத்தில் போய்ப் பற்றும்.

சுழலி சொன்ன அதே பல்பு ஜோடிதான் நல்ல வழி. திறந்த வெளியில், கல் தரையில். இந்த முறை அலாரம் வேண்டாம்; அணைந்த பின்னும் ஒரு நாள் முழுக்க பல்பு மாட்டியபடியே இருக்கட்டும். ஒவ்வொரு செல்லும் 0.1க்குக் கீழே வந்த பிறகு மெயின் வயரை ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டிய முனையை உடனே டேப் சுற்றுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டில் வெட்டக் கூடாது. பிறகு பேட்டரி சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். உப்பலாக இருக்கிறதே என்று ஊசியால் குத்தி வாயுவை எடுப்பது கூடவே கூடாது. உறை கிழிந்தது, நசுங்கியது, தொட்டால் சூடாக இருப்பது, நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி இனிப்பு வாடை வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பல்பும் மாட்டாதீர்கள். உலர்ந்த மணலில் புதைத்து வெளியே வைத்துவிட்டுச் சேகரிப்பு மையத்தைக் கேளுங்கள்.

தும்பி75:
ஆமாம், அ பேக்கில் அலாரம் மாட்டியபடியே இருந்தது. கழற்றிவிட்டேன். கடைசியாக: ஆறு மாதம் கழித்து முதல் சார்ஜ் எப்படி? ரிமோட்டுக்கும், ட்ரோன் வீடியோ பார்க்க அணியும் கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் 18650 உருளை செல்களை என்ன செய்வது?

நான்கிறக்கை:
ரிமோட், கண்ணாடி இரண்டிலும் செல்லைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் தனித்தனிக் குழியில், 3.7 பக்கம். கழற்ற முடியாதவற்றைப் பாதி சார்ஜில் அணைத்து, ஸ்மார்ட் பேட்டரியைப் பார்க்கும் அதே நாளில் பாருங்கள்.

மில்லிஓம்:
எழுப்பும் நாளில் முதலில் கண், பிறகு விரல், பிறகு மீட்டர். உப்பல் இல்லை, பேக்கை அழுத்தினால் மெத்தென்று இல்லை, லிப்போ செல்கள் எல்லாம் 3.7க்கு மேல், வித்தியாசம் 0.03க்குள் என்றால் 0.5 சி வேகத்தில் (கொள்ளளவு எண்ணில் பாதி அளவு கரண்ட்) பேலன்ஸ் சார்ஜ். 1500க்கு 0.75 ஆம்பியர், 5000க்கு 2.5. பக்கத்திலேயே இருங்கள், கால் மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்; அந்த வேகத்தில் நல்ல பேக் சூடாகாது. வித்தியாசம் 0.05ஐத் தாண்டினால் சமன்படுத்தி, மேலே சொன்ன பதினான்கு நாள் சோதனை. ஏதாவது செல் 3.0க்குக் கீழே என்றால் அந்தப் பேக்கைப் பறக்கவிடும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சார்ஜர் மறுக்கிறதே என்று நிக்கல் பேட்டரி மோடில் போட்டு ஏற்றுவது வேண்டாம், அதில் செல்லைக் கண்காணிக்க யாரும் இல்லை.

முதல் பறப்பு இரண்டு நிமிட ஹோவர், தாழ்வாக. இறக்கி உள்தடையை அளந்து டேப்பில் இருக்கும் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு செல் மட்டும் ஒன்றரை மடங்கு ஏறியிருந்தால் அந்தப் பேக் இனி தரைச் சோதனைக்கு மட்டும்.